விரலை எடுத்த பிறகும் மோட்டார் ஏன் ஓடுகிறது? ஃபிளிப்-ஃபிளாப் பற்றி அடியிலிருந்து

கிணற்று மோட்டார் ரூமில் ஒரு ஸ்டார்ட்டர் பெட்டி இருக்கும். பச்சை பட்டன் ஒன்று, சிவப்பு பட்டன் ஒன்று. பச்சையை ஒரு முறை அழுத்தினால் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும், மோட்டார் ஓட ஆரம்பிக்கும். விரலை எடுத்துவிட்டு வரப்போரம் நடந்து போய்விடலாம், தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். சிவப்பை ஒரு தட்டுத் தட்டினால்தான் நிற்கும்.

வீட்டு வாசலில் இருக்கும் காலிங் பெல் அப்படியில்லை. அழுத்திப் பிடித்திருக்கும் வரை அடிக்கும், விட்டால் நின்றுவிடும். இரண்டுமே பட்டன்தான், இரண்டிலும் ஓடுவது கரண்ட்தான். ஆனால் ஸ்டார்ட்டருக்கு 'கடைசியாக அழுத்தியது பச்சையா, சிவப்பா' என்பது நினைவிருக்கிறது. காலிங் பெல்லுக்கு எதுவுமே நினைவில்லை. டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸில் ஃபிளிப்-ஃபிளாப் என்று ஒரு பாடம் வருகிறதே, அது முழுக்க இந்த ஒரு வித்தியாசத்தைப் பற்றியதுதான்.

ஸ்டார்ட்டரைத் திறந்து பார்த்தால் (மெயினை ஆஃப் செய்துவிட்டுத்தான், எலக்ட்ரீஷியன் பக்கத்தில் இருக்கும்போதுதான்) அந்த நினைவு எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். பச்சை பட்டன் ஒரு காயிலுக்குக் கரண்ட் கொடுக்கிறது. காயில் காந்தமாகி ஒரு இரும்புக் கட்டையை இழுக்கிறது. அந்த இழுப்பில் மோட்டாருக்குப் போகும் மூன்று பெரிய காண்டாக்ட்கள் மூடிக்கொள்கின்றன. கூடவே ஓரமாக ஒரு சின்ன காண்டாக்டும் மூடுகிறது. இந்தச் சின்ன காண்டாக்ட் பச்சை பட்டனுக்குப் பக்கவாட்டில், அதற்கு இணையாக வயர் செய்யப்பட்டிருக்கிறது. ஆகவே விரலை எடுத்ததும் பட்டன் வழி அடைபட்டாலும் காயிலுக்கு இந்தச் சின்ன வழியாகக் கரண்ட் வந்துகொண்டே இருக்கும். காயில் காண்டாக்டைப் பிடித்துவைத்திருக்கிறது, காண்டாக்ட் காயிலுக்குச் சோறு போடுகிறது. ஒன்றை ஒன்று தாங்கி நிற்கிற இந்த வளையம்தான் நினைவு. சிவப்பு பட்டன் வளையத்தை ஓரிடத்தில் அறுக்கிறது, அவ்வளவுதான். கரண்ட் போய்த் திரும்பி வந்தால் மோட்டார் தானாக ஓடாமல் நிற்பதும் இதனால்தான். வளையம் அறுந்த கணத்தில் நினைவும் போய்விடுகிறது.

சரி, இதற்குப் பாடப்புத்தகப் பெயர் கொடுத்துவிடலாம். இந்த நொடியின் இன்புட்டை மட்டும் பார்த்துப் பதில் சொல்லும் சர்க்யூட் காம்பினேஷனல். ஆண்ட் கேட், ஆர் கேட் (0, 1 இன்புட்களைப் பார்த்து ஒரு 0 அல்லது 1 தரும் சின்ன சர்க்யூட்கள்), இரண்டு எண்களைக் கூட்டும் ஆடர் எல்லாம் இந்த வகை. மாடிப்படி விளக்குக்குக் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டு சுவிட்ச் போடுகிறோமே, அதுவும் இந்த வகைதான். இரண்டு சுவிட்சும் இப்போது எந்தப் பக்கம் இருக்கின்றன என்று தெரிந்தால் விளக்கு எரிகிறதா என்று சொல்லிவிடலாம். நேற்று என்ன நடந்தது என்று கேட்க வேண்டியதில்லை.

பழைய கதையையும் சேர்த்துக் கேட்கும் சர்க்யூட் சீக்வென்ஷியல். டிவி ரிமோட்டின் பவர் பட்டன் இதற்கு நல்ல உதாரணம். ஒரே பட்டன், ஒரே அழுத்தல். டிவி ஓடிக்கொண்டிருந்தால் அணைகிறது, அணைந்திருந்தால் ஓடுகிறது. இன்புட் ஒன்றாகவே இருந்தும் பதில் மாறுகிறது என்றால், உள்ளே எங்கோ 'இப்போது நான் எந்த நிலையில் இருக்கிறேன்' என்று எழுதிவைத்திருக்க வேண்டும். அந்த ஒரு பிட் (ஒரு 0 அல்லது 1) எழுதிவைக்கும் இடம்தான் ஃபிளிப்-ஃபிளாப்.

நம் வகுப்புகளில் இந்தப் பாடத்தை எஸ்-ஆர், ஜே-கே, டி, டாகிள் என்று நான்கு ட்ரூத் டேபிளோடு (எந்த இன்புட்டுக்கு என்ன அவுட்புட் என்று காட்டும் அட்டவணை) ஆரம்பிக்கிறார்கள். பிள்ளைகள் நான்கையும் மனப்பாடம் செய்து எழுதிவிட்டுப் போகிறார்கள். நினைவு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியே எழுவதில்லை. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம். அட்டவணையைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு இரண்டு நாட் கேட்டை எடுத்துக்கொள்வோம்.

நாட் கேட் செய்வது ஒரே வேலை. 1 கொடுத்தால் 0 தரும், 0 கொடுத்தால் 1 தரும். முதல் நாட் கேட்டின் அவுட்புட்டை இரண்டாவதின் இன்புட்டில் கொடுங்கள். இரண்டாவதின் அவுட்புட்டைத் திரும்ப முதலாவதின் இன்புட்டுக்கே கொண்டுவந்து சேருங்கள். வெளியிலிருந்து ஒரு வயரும் வேண்டாம். இப்போது முதல் கேட்டின் அவுட்புட் 1 என்று வைத்துக்கொண்டால், இரண்டாவது அதை 0 ஆக்குகிறது, அந்த 0 முதல் கேட்டுக்குள் போய் 1 ஆக வெளியே வருகிறது. நாம் வைத்துக்கொண்டது எதுவோ அதுவே திரும்பி வந்துவிட்டது. 0 என்று வைத்துக்கொண்டு சுற்றிப் பாருங்கள், அதுவும் அப்படியே ஒத்துப்போகும். இரண்டு நிலைகளிலும் வளையம் நிம்மதியாக நிற்கிறது. எந்த நிலையில் விட்டீர்களோ அந்த நிலையிலேயே, பவர் இருக்கும் வரை, ஆண்டுக்கணக்கில் நிற்கும். ஒரு பிட் நினைவு பிறந்துவிட்டது. ஸ்டார்ட்டரில் காயிலும் காண்டாக்டும் செய்ததை இங்கே இரண்டு கேட்டுகள் செய்கின்றன.

இந்த யோசனைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. வில்லியம் எக்கிள்ஸ், எஃப். டபிள்யூ. ஜோர்டன் என்ற இரண்டு பிரிட்டிஷ்காரர்கள் 1918-ல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். டிரான்சிஸ்டர் வருவதற்கு முப்பது ஆண்டுகள் முன்பு. அவர்களிடம் இருந்தவை இரண்டு வால்வுகள், அதாவது பழைய ரேடியோக்களில் இருந்த வெற்றிடக் குழாய்கள். ஒன்றின் அவுட்புட் மற்றதை அடக்கும்படி குறுக்காக இணைத்தார்கள். ஒரு வால்வு கடத்தினால் மற்றது அடைபடும். அடைபட்டிருப்பதை ஒரு சின்ன சிக்னலால் தட்டி எழுப்பினால் இரண்டும் இடம் மாறிக்கொண்டு அப்படியே நிற்கும். 1940-களில் கட்டிய எனியாக் கணினியில் சுமார் 18,000 வால்வுகள் இருந்தன. அதன் அக்யுமுலேட்டர்களில் (எண்களைக் கூட்டி வைத்துக்கொள்ளும் பகுதிகளில்) ஒரே ஒரு தசம இலக்கத்தை வைத்துக்கொள்ளப் பத்து ஃபிளிப்-ஃபிளாப்களை வளையமாகக் கோத்திருந்தார்கள். இன்று அதே இலக்கத்துக்கு நான்கு போதும்.

நாட் வளையத்தில் ஒரு குறை இருக்கிறது. அது நினைவு வைத்திருக்கும், ஆனால் அதனிடம் புதிதாக எதையும் சொல்ல வழியில்லை. கதவே வைக்காத வீடு மாதிரி. உள்ளே புக இரண்டு வாசல் வேண்டும், 1 ஆக்க ஒன்று, 0 ஆக்க ஒன்று. நாட் கேட்டுக்குப் பதிலாக இரண்டு இன்புட் உள்ள நாண்ட் கேட்டைப் போட்டால் அந்த வாசல் கிடைத்துவிடும். இதைப் படித்துவிட்டு நகராமல் ஒருமுறை கையால் செய்து பாருங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். செலவு அதிகம் ஆகாது.

74எச்.சி.00 என்று ஒரு ஐசி வாங்கிக்கொள்ளுங்கள். பதினான்கு கால்கள், உள்ளே நான்கு நாண்ட் கேட்டுகள். பிரெட்போர்டில் (சால்டரிங் இல்லாமல் வயர்களைக் குத்தி இணைக்கும் பலகை) குத்தி, 14-ம் காலுக்கு 5 வோல்ட், 7-ம் காலுக்கு கிரவுண்ட். பழைய மொபைல் சார்ஜரின் 5 வோல்ட்டே போதும். இந்த இரண்டு கால்களுக்கும் குறுக்கே ஒரு 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வைத்துவிடுங்கள். முதல் கேட்டின் இன்புட்கள் 1, 2, அவுட்புட் 3. இரண்டாவதின் இன்புட்கள் 4, 5, அவுட்புட் 6. இப்போது 3-ஐ 4-க்கு ஒரு வயரால் இணையுங்கள், 6-ஐ 2-க்கு இணையுங்கள். குறுக்கு வளையம் தயார். மிச்சமிருக்கும் 1-ம் 5-ம்தான் வாசல்கள். இரண்டையும் தனித்தனி 10 கிலோ-ஓம் ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டுக்கு இழுத்துக் கட்டுங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் கிரவுண்டுக்கு ஒரு புஷ் பட்டன். 3-ம் காலிலிருந்து 1 கிலோ-ஓம் ரெசிஸ்டர், அதன் பின் ஒரு எல்.இ.டி, அது கிரவுண்டுக்கு. பயன்படுத்தாத 9, 10, 12, 13 நான்கையும் கிரவுண்டில் போட்டுவிடுங்கள். இது சிமாஸ் வகை ஐசி, அதன் இன்புட்டை அந்தரத்தில் விட்டால் அது என்ன வேண்டுமானாலும் செய்யும்.

நாண்ட் கேட்டின் குணம் ஒரே வரி: இரண்டு இன்புட்டும் 1 ஆக இருந்தால் மட்டும் 0 தரும், மற்றபடி எப்போதும் 1. இதை வைத்துக்கொண்டு 1-ம் காலின் பட்டனை அழுத்துங்கள். அந்த இன்புட் 0 ஆகிறது, எனவே 3-ம் கால் 1 ஆகிறது, எல்.இ.டி எரிகிறது. அந்த 1 நேராக 4-ம் காலுக்குப் போகிறது. 5-ம் கால் ஏற்கெனவே 1. இரண்டும் 1 என்பதால் 6-ம் கால் 0 ஆகிறது. அந்த 0 திரும்ப 2-ம் காலுக்கு வருகிறது. இப்போது பட்டனை விடுங்கள். 1-ம் கால் 1 ஆகிவிட்டது, ஆனால் 2-ம் கால் 0 ஆகவே இருப்பதால் 3-ம் கால் அசையவில்லை. எல்.இ.டி எரிந்துகொண்டே இருக்கும். அடுத்த பட்டனை அழுத்தினால் எல்லாம் தலைகீழாகி அணையும், விட்ட பிறகும் அணைந்தே இருக்கும். உங்கள் மேஜையில் ஒரு மோட்டார் ஸ்டார்ட்டர் செய்துவிட்டீர்கள். இதற்கு எஸ்-ஆர் லாட்ச் என்று பெயர். எஸ் என்றால் செட், ஆர் என்றால் ரீசெட்.

இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்தினால்? இரண்டு அவுட்புட்டும் 1 ஆகிவிடும், ஒன்றுக்கொன்று எதிராக இருக்க வேண்டியவை ஒரே மாதிரி நிற்கும். அதுகூடப் பெரிய பிரச்சினை இல்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் விட்டால்தான் சிக்கல். எது முந்தியதோ அதன்படி முடிவாகும், எது முந்தும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. புத்தகங்கள் இதைத் 'தடைசெய்யப்பட்ட நிலை' என்று சொல்லிவிட்டுப் போய்விடும். காரணம் இதுதான். மோட்டார் ஸ்டார்ட்டரில் இந்தச் சந்தேகமே வராது. சிவப்பு பட்டன் காயிலோடு தொடராக இருப்பதால் இரண்டையும் அழுத்தினாலும் சிவப்புதான் ஜெயிக்கும். நிறுத்துவது ஜெயிக்க வேண்டும் என்று யோசித்து வயர் செய்தவர்களை நினைத்தால் மரியாதை வருகிறது.

இந்த லாட்சின் முன்னால் இன்னும் இரண்டு கேட்டுகளைச் சேர்த்து, ஒரு டேட்டா வயர், ஒரு அனுமதி வயர் என்று மாற்றினால் டி லாட்ச். அனுமதி 1 ஆக இருக்கும்போது டேட்டா எதுவோ அதுவே அவுட்புட். அனுமதி 0 ஆனதும் கடைசியாக இருந்தது அப்படியே உறைந்துவிடும். செட்டும் ரீசெட்டும் ஒரே வயரிலிருந்து எதிரெதிராகப் பிரிந்து போவதால் இரண்டும் சேர்ந்து அழுந்துகிற பேச்சே இல்லை.

இவ்வளவு இருந்தால் போதாதா, கிளாக் எட்ஜ் என்று ஏன் உயிரை வாங்குகிறார்கள் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. ரிமோட் பவர் பட்டன் மாதிரி ஒவ்வொரு தட்டுக்கும் நிலை மாறுகிற ஒரு சர்க்யூட் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். டி லாட்சின் எதிர் அவுட்புட்டை எடுத்து அதன் டேட்டாவுக்கே கொடுத்தால் ஆயிற்று என்று தோன்றும். இப்போது 1 என்றால் அடுத்தது 0, இப்போது 0 என்றால் அடுத்தது 1. ஆனால் அனுமதி வயர் 1 ஆக இருக்கும் நேரம் முழுவதும் லாட்ச் திறந்த கதவு. அவுட்புட் மாறியதும் அதன் எதிர் உடனே உள்ளே ஓடுகிறது, மறுபடி மாறுகிறது, மறுபடி ஓடுகிறது. 74எச்.சி குடும்பத்து ஐசிகளில் இந்தச் சுற்று சில பத்து நானோ செகண்டுக்கு ஒருமுறை நடந்துவிடும். பட்டனை நாம் எவ்வளவு வேகமாகத் தட்டினாலும் அதற்குள் லட்சக்கணக்கான முறை மாறியிருக்கும். கதவை மூடும் கணத்தில் எது இருந்ததோ அதுதான் மிஞ்சும். அது வெறும் அதிர்ஷ்டம்.

நமக்கு வேண்டியது திறந்தே கிடக்கும் கதவு இல்லை, ஒரே ஒரு கணம் மட்டும் பார்த்து எழுதிக்கொள்ளும் கண். அதற்கு இரண்டு டி லாட்சை வரிசையாக வைத்தார்கள். பெரிய ஏசி ஹால்களில் இரண்டு கதவு வைத்து, ஒன்றைத் திறக்கும்போது மற்றது மூடியிருக்கும்படி செய்வார்களே, அந்த ஏற்பாடுதான். அனுமதி வயருக்குப் பதில் இங்கே கிளாக், அதாவது 0, 1 என்று மாறி மாறி வரும் சிக்னல். அது 0 ஆக இருக்கும்போது முதல் லாட்ச் திறந்திருக்கும், இரண்டாவது மூடியிருக்கும். கிளாக் 0-விலிருந்து 1-க்கு ஏறும் கணத்தில் முதலாவது மூடிக்கொள்கிறது, அது கடைசியாகப் பார்த்த டேட்டா உள்ளே மாட்டிக்கொள்கிறது. அதே கணத்தில் இரண்டாவது திறந்து அந்த டேட்டாவை வெளியே காட்டுகிறது. அவுட்புட் மாறி, அதன் எதிர் சுற்றிக்கொண்டு முதல் கதவுக்கு வந்து நின்றாலும் அது மூடியிருக்கிறது. அடுத்த ஏற்றம் வரும் வரை வெளியே காத்திருக்க வேண்டியதுதான். இதுதான் எட்ஜ் டிரிகர் டி ஃபிளிப்-ஃபிளாப். திறந்திருக்கும் நேரமெல்லாம் பார்ப்பது லாட்ச், விளிம்பில் மட்டும் பார்ப்பது ஃபிளிப்-ஃபிளாப் என்று இன்று பிரித்துச் சொல்கிறார்கள். பழைய நூல்களில் இரண்டையும் ஒரே பெயரில் அழைத்திருப்பார்கள், குழம்ப வேண்டாம்.

எதிர் அவுட்புட்டை டேட்டாவுக்குக் கொடுத்த அந்த இணைப்பு இப்போது சரியாக வேலை செய்யும். கிளாக் ஒருமுறை ஏறினால் ஒருமுறை மாறும். டாகிள் ஃபிளிப்-ஃபிளாப் என்பது இதுதான். ஜே-கே என்பது எஸ்-ஆரின் அந்தத் தடைசெய்யப்பட்ட இடத்தை 'மாறு' என்ற கட்டளையாக நிரப்பிக்கொண்டது. தேர்வுக்கு அவசியம், படித்துக்கொள்ளுங்கள். ஆனால் இன்றைய சிப்களிலும், உள் சர்க்யூட்டை நாமே அமைத்துக்கொள்ளும் சிப்களான எஃப்.பி.ஜி.ஏ-க்களிலும் கோடிக்கணக்கில் உட்கார்ந்திருப்பது டி வகைதான், அதனால் உங்கள் நேரத்தை அதன் மேல் போடுங்கள்.

நான் முதன்முதலில் 74எச்.சி.74 என்ற டி ஃபிளிப்-ஃபிளாப் ஐசியை வைத்து டாகிள் செய்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. 6-ம் காலை 2-ம் காலோடு இணைத்தேன், 1-ஐயும் 4-ஐயும் 5 வோல்ட்டில் போட்டேன், 3-ம் காலில் ஒரு புஷ் பட்டன், 5-ம் காலில் எல்.இ.டி. ஒரு தட்டுக்கு எரிய வேண்டும், அடுத்த தட்டுக்கு அணைய வேண்டும். சில தட்டுக்கு மாறியது, சில தட்டுக்கு அசையவே இல்லை. ஐசி பழுது என்று நினைத்து இன்னொன்று வாங்கி வந்தேன், அதுவும் அப்படியே. வயரையெல்லாம் பிடுங்கி மறுபடி போட்டேன். இரண்டு நாள் தூக்கம் போனது. கடைசியில் அந்த ஃபிளிப்-ஃபிளாப்புக்குப் பின்னால் ஒரு கவுண்டரை மாட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஒரு தட்டுக்கு அது மூன்று எண்ணுகிறது, சில நேரம் ஆறு.

தவறு ஐசியில் இல்லை, பட்டனில். உள்ளே இருக்கும் உலோகத் தகடு மோதியதும் உடனே ஒட்டிக்கொள்வதில்லை. சிமென்ட் தரையில் போட்ட கோலிக்குண்டு மாதிரி துள்ளித் துள்ளித்தான் அடங்கும். சில மில்லி செகண்டுதான், நம் கைக்கு அது ஒரே தட்டு. நானோ செகண்டில் வாழும் ஃபிளிப்-ஃபிளாப்புக்கு ஒவ்வொரு துள்ளலும் ஒரு தனி கிளாக். இரட்டைப்படையில் துள்ளினால் எல்.இ.டி பழைய நிலைக்கே வந்துவிடும், 'மாறவே இல்லை' என்று நமக்குத் தோன்றும்.

இதற்கு மருந்து மேலே செய்த எஸ்-ஆர் லாட்ச்தான். புஷ் பட்டனுக்குப் பதிலாக இரு பக்கமும் மாறும் மூன்று கால் சுவிட்ச் ஒன்றை எடுத்து, நடுக்காலைக் கிரவுண்டிலும் மற்ற இரண்டையும் லாட்சின் 1, 5 கால்களிலும் கொடுங்கள். தகடு ஒரு பக்கத்தை முதன்முறை தொட்டதுமே லாட்ச் மாறிவிடும். அப்புறம் அது எத்தனை முறை துள்ளினாலும் எதிர்ப்பக்கம் வரை போய்த் தொடுவதில்லை, ஆகவே லாட்ச் அசையாது. அந்த 3-ம் காலை ஃபிளிப்-ஃபிளாப்பின் கிளாக்கில் கொடுத்தேன். ஒரு தட்டு, ஒரு மாற்றம். அன்றைக்கு அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு சொன்னபடி எரிந்து அணைந்ததைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

டாகிள் ஃபிளிப்-ஃபிளாப்பைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் அதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கும். இரண்டு தட்டுக்கு ஒருமுறைதான் அது எரிந்து அணைந்து ஒரு சுற்று முடிக்கிறது. வரும் வேகத்தில் பாதியைத்தான் வெளியே விடுகிறது. அதன் அவுட்புட்டை இன்னொரு டாகிளின் கிளாக்கில் கொடுத்தால் கால்வாசி, இன்னொன்று சேர்த்தால் அரைக்கால்வாசி. இந்தப் பாதியாக்கும் வித்தை நம் வீட்டுச் சுவரிலேயே தொங்குகிறது.

ஒரு பழைய சுவர்க் கடிகாரத்தின் பின்னால் இருக்கும் கறுப்புப் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஒரு பேட்டரி செல், ஒரு காயில், சில பல்சக்கரங்கள், ஒரு சின்ன போர்டு. போர்டின் ஓரத்தில் அரிசி மணியைவிடக் கொஞ்சம் நீளமாக ஒரு உலோகக் குழாய் இருக்கும். அதற்குள் இசைக்கவை வடிவில் வெட்டிய ஒரு குவார்ட்ஸ் துண்டு நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஏன் இந்த விசித்திரமான எண்? 32,768-ஐப் பாதியாக்கினால் 16,384. பிறகு 8,192. பிறகு 4,096, 2,048, 1,024, 512, 256, 128, 64, 32, 16, 8, 4, 2, கடைசியில் 1. சரியாகப் பதினைந்து முறை. போர்டில் ஒரு கறுப்புப் பொட்டு இருக்கிறதே, அதற்குள் இருக்கும் சிப்பில் ஃபிளிப்-ஃபிளாப்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்று இப்படிப் பாதியாக்கிக்கொண்டே வருகின்றன. கடைசியில் கிடைக்கும் நொடிக்கு ஒரு பல்ஸ் காயிலைத் தட்ட, முள் ஒரு கட்டம் நகர்கிறது. நாம் கேட்கும் 'டிக்' அதுதான். 1969 டிசம்பரில் ஜப்பானில் செய்கோ (Seiko) நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ஆஸ்ட்ரான் என்ற முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தில் படிகம் 8,192 முறை அதிர்ந்தது. அதுவும் பாதியாக்கிப் பாதியாக்கி 1-க்கு வரக்கூடிய எண்தான், பதின்மூன்று படிகள்.

இதே வித்தையை அதற்கும் முன்னால் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் வின்-வில்லியம்ஸ் என்ற இயற்பியலாளர் பயன்படுத்தினார். கதிரியக்கத் துகள்கள் வந்து விழும் வேகத்துக்கு அன்றைய இயந்திரக் கவுண்டர்கள் ஈடுகொடுக்கவில்லை. வாயு நிரப்பிய தைரட்ரான் வால்வுகளை ஜோடி ஜோடியாக இணைத்து, இரண்டு துகளுக்கு ஒரு பல்ஸ், அதில் இரண்டுக்கு ஒரு பல்ஸ் என்று குறைத்து, இயந்திரக் கவுண்டர் மூச்சு வாங்காமல் எண்ணும் வேகத்துக்குக் கொண்டுவந்தார். 1932-ல் அதைப் பற்றி எழுதினார்.

பாதியாக்குவது வேறு, எண்ணுவது வேறு இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான்கு டாகிள்களை, ஒன்றின் எதிர் அவுட்புட் அடுத்ததின் கிளாக்குக்குப் போகும்படி கோத்து, அவற்றின் அவுட்புட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் 0000, 0001, 0010 என்று இரும எண்ணில் 1111 வரை, அதாவது 15 வரை ஏறிக்கொண்டு போகும். ஒன்றின் அவுட்புட் அடுத்ததைத் தள்ளிவிடும் இந்த வகைக்கு ரிப்பிள் கவுண்டர் என்று பெயர். வேகமான இடங்களில் இதை நம்ப முடியாது. 7-லிருந்து 8-க்குப் போகும்போது நான்கு பிட்டும் மாற வேண்டும், ஆனால் ஒன்று மாறிய பிறகுதான் அடுத்தது மாறும். அதனால் 0111 என்பது 0110, 0100, 0000 என்று கண நேரம் தடுமாறிவிட்டுத்தான் 1000 ஆகும். அந்த இடைவெளியில் யாராவது படித்தால் தப்பான எண் கிடைக்கும். எல்லா ஃபிளிப்-ஃபிளாப்புக்கும் ஒரே கிளாக்கைக் கொடுத்து, யார் மாற வேண்டும் என்பதைக் கேட்டுகளால் முன்கூட்டியே கணக்கிட்டுவைப்பது சின்க்ரோனஸ் கவுண்டர். பெரிய டிஜிட்டல் சர்க்யூட் அநேகமாக எல்லாமே இந்த ஒழுங்கில்தான் கட்டப்படுகிறது.

கிளாக் ஏறும் கணத்தில் டேட்டாவைப் பார்க்கிறது என்று சொன்னேன். அந்தக் கணத்திலேயே டேட்டாவும் மாறிக்கொண்டிருந்தால்? ஓடிக்கொண்டிருப்பவரை போட்டோ எடுத்தால் கலங்கலாக வருகிற மாதிரிதான். ஏற்றத்துக்குக் கொஞ்சம் முன்பிருந்து டேட்டா அசையாமல் இருக்க வேண்டிய நேரத்துக்கு செட்டப் டைம் என்று பெயர். ஏற்றத்துக்குப் பின் கொஞ்ச நேரம் அசையாமல் இருக்க வேண்டியது ஹோல்டு டைம். இரண்டும் ஐசியின் டேட்டாஷீட்டில் நானோ செகண்டில் எழுதியிருக்கும்.

அதை மீறினால் நடப்பது விநோதமானது. இரண்டு நாட் வளையத்துக்கு இரண்டு நிம்மதியான நிலைகள் என்று சொன்னேன் அல்லவா, மூன்றாவதாக ஒன்றும் உண்டு. 0-வும் இல்லாமல் 1-ம் இல்லாமல் நடுவில் ஒரு வோல்டேஜில் இரண்டு கேட்டும் சமமாக நிற்கும் நிலை. மலை முகட்டின் உச்சியில் வைத்த கூழாங்கல் மாதிரி. துளி அசைந்தாலும் வளையம் அந்த அசைவைச் சுற்றிச் சுற்றிப் பெருக்கி ஒரு பக்கம் உருட்டிவிடும். ஆனால் உச்சிக்கு எவ்வளவு நெருக்கமாக வைத்தோமோ அவ்வளவு நேரம் தயங்கி நிற்கும். டேட்டா தப்பான கணத்தில் மாறினால் ஃபிளிப்-ஃபிளாப் இந்த முகட்டில் போய் உட்கார்ந்துவிடலாம். இதற்கு மெட்டாஸ்டெபிலிட்டி என்று பெயர். சேனி, மோல்னர் என்ற இருவர் 1973-ல் ஆசிலோஸ்கோப் படங்களோடு இதைக் காட்டி எழுதினார்கள்.

இதை முற்றிலும் ஒழிக்க வழியே இல்லை. வாய்ப்பை மிகமிகக் குறைக்கத்தான் முடியும். வெளியிலிருந்து நம் கிளாக்கோடு சம்பந்தமில்லாமல் வருகிற எந்த சிக்னலையும், பட்டனோ சென்சாரோ எதுவானாலும், இரண்டு டி ஃபிளிப்-ஃபிளாப் வழியாக வரிசையாக அனுப்பிவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். முதலாவது தயங்கினாலும் ஒரு முழு கிளாக் சுற்று அவகாசம் இருக்கிறது, அதற்குள் ஏதோ ஒரு பக்கம் உருண்டிருக்கும். இரண்டாவது எடுத்துக்கொள்வது அநேகமாகத் தெளிவான 0 அல்லது 1.

இனி இந்தச் செங்கற்களை வைத்து என்ன கட்டுவது என்று பார்க்கலாம். இரண்டு சாலைகள் வெட்டிக்கொள்ளும் இடத்துச் சிக்னல் விளக்கை எடுத்துக்கொள்வோம். நிலைகள் நான்கு: முதல் சாலைக்குப் பச்சை, முதல் சாலைக்கு மஞ்சள், இரண்டாம் சாலைக்குப் பச்சை, இரண்டாம் சாலைக்கு மஞ்சள். நான்கு நிலைக்கு இரண்டு பிட், அதாவது இரண்டு ஃபிளிப்-ஃபிளாப் போதும். 00, 01, 10, 11 என்று எண்ணிவிட்டு மறுபடி 00. இப்போது மேல் பிட்டைக் கவனியுங்கள். அது 1 ஆக இருக்கும்போதெல்லாம் முதல் சாலைக்குச் சிவப்பு. ஒரு கேட்டுகூட வேண்டாம், அந்த வயரை அப்படியே விளக்கின் டிரைவருக்குக் கொடுத்துவிடலாம். அதன் எதிர் அவுட்புட் இரண்டாம் சாலையின் சிவப்பு. இரண்டு பிட்டும் 0 என்றால் முதல் சாலைக்குப் பச்சை, அதற்கு ஒரு கேட். பச்சைக்கு நீண்ட நேரமும் மஞ்சளுக்குக் கொஞ்ச நேரமும் வேண்டும் என்பதால், எப்போது அடுத்த நிலைக்கு நகர வேண்டும் என்று சொல்ல இன்னொரு கவுண்டர்.

இதில் நாம் செய்தது என்ன? இப்போதைய நிலையை ஃபிளிப்-ஃபிளாப் வைத்திருக்கிறது. அந்த நிலையையும் வெளி இன்புட்டையும் பார்த்து அடுத்த நிலை என்ன, அவுட்புட் என்ன என்று காம்பினேஷனல் கேட்டுகள் கணக்கிடுகின்றன. கிளாக் ஏறியதும் 'அடுத்தது' என்பது 'இப்போதையது' ஆகிறது. இதற்கு ஸ்டேட் மெஷின் என்று பெயர். அவுட்புட் நிலையை மட்டும் பொறுத்திருந்தால் மூர் வகை, இன்புட்டையும் பொறுத்திருந்தால் மீலி வகை. 1950-களின் நடுவில் இதைப் பற்றி எழுதிய இருவரின் பெயர்கள் அவை. நம் சிக்னல் விளக்கு மூர் வகை. லிஃப்ட், வாஷிங் மெஷின், கடைசியில் கணினியின் பிராசசர் வரை இந்த அமைப்புதான் பெருகிப் பெருகி நிற்கிறது.

நாம் தொடங்கிய அந்த இரண்டு நாட் வளையம் பிராசசருக்குள் இன்னொரு வேடத்திலும் இருக்கிறது. பிராசசர் அடிக்கடி தேடுவதைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும் இடத்தைக் கேஷ் நினைவகம் என்கிறார்களே, அதன் ஒவ்வொரு பிட்டும் வழக்கமாக ஆறு டிரான்சிஸ்டர்களால் ஆனது. நான்கு சேர்ந்தால் இரண்டு நாட் கேட், ஒன்றை ஒன்று பார்த்தபடி. மிச்சம் இரண்டும் படிக்கவும் எழுதவும் வைத்த வாசற்கதவுகள். எக்கிள்ஸும் ஜோர்டனும் இரண்டு வால்வில் செய்தது, ஒரு மெகாபைட்டுக்கு எண்பது லட்சத்துக்கும் மேற்பட்ட முறை அச்சடிக்கப்பட்டிருக்கிறது.

பவர் போட்ட கணத்தில் இந்த வளையங்கள் எந்தப் பக்கம் சாயும்? யாரும் செட்டும் செய்யவில்லை, ரீசெட்டும் செய்யவில்லை. கூழாங்கல் முகட்டிலிருந்துதான் தொடங்குகிறது. அதனால்தான் நல்ல சர்க்யூட்டில் பவர் வந்ததும் எல்லா ஃபிளிப்-ஃபிளாப்பையும் தெரிந்த நிலைக்குக் கொண்டுவர ஒரு ரீசெட் பல்ஸ் கொடுப்பார்கள். 74எச்.சி.74-ல் 1-ம் கால் அதற்காகவே இருக்கிறது. அதை நேராக 5 வோல்ட்டில் போடாமல், 10 கிலோ-ஓம் வழியாக 5 வோல்ட்டுக்கும் 0.1 மைக்ரோஃபாரட் வழியாக கிரவுண்டுக்கும் இணைத்துப் பாருங்கள். சப்ளை சட்டென்று ஏறினால், கெபாசிட்டர் நிரம்பும் வரை அந்தக் கால் 0-வில் இருக்கும், எல்.இ.டி எப்போதும் அணைந்த நிலையிலேயே தொடங்கும்.

ரீசெட் கொடுக்காமல் விட்டால் சாய்வது முழுக்கத் தற்செயல் என்றும் சொல்ல முடியாது. ஒரே அச்சில் வார்த்தாலும் எந்த இரண்டு டிரான்சிஸ்டரும் முழுக்க ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரு செல்லின் இரண்டு கேட்டுகளில் எது மயிரிழை வலுவானதோ அந்தப் பக்கமே அந்தச் செல் ஒவ்வொரு முறையும் சாயப் பார்க்கும். ஆயிரக்கணக்கான செல்கள் பவர் போட்டதும் காட்டும் 0, 1 கோலம் ஒரு சிப்பில் இருப்பது போல் இன்னொன்றில் இருப்பதில்லை. அதையே அந்தச் சிப்பின் கைரேகையாக எடுத்துக்கொண்டு, இது அசல் சிப்தானா என்று சரிபார்க்கவும் ரகசியச் சாவி உண்டாக்கவும் பயன்படுத்துகிறார்கள்.